கோணல் இருந்தால்தான் அலை: பெருவிண்மீன்கள் சாகும்போது எழும் ஈர்ப்பலைகள்

2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பதிவானது. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதில் எழுந்த அலை அது. அதற்குப்பின் பதிவானவை இருநூறைத் தாண்டிவிட்டன. எல்லாமே ஜோடிகளிடமிருந்து வந்தவை: இரண்டு கருந்துளைகள், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அல்லது இவற்றில் ஒவ்வொன்று. தனியாக வெடித்துச் சாகும் விண்மீனின் ஈர்ப்பலை இன்றுவரை ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

சூப்பர்நோவா எனப்படும் இந்த வெடிப்பு சாதாரண நிகழ்வு இல்லை. ஒரே விண்மீன் சில வாரங்களுக்குத் தன் விண்மீன் மண்டலம் முழுவதோடும் ஒளியில் போட்டி போடும். அப்படிப்பட்ட வெடிப்பு ஈர்ப்பலையில் மட்டும் ஏன் இவ்வளவு சன்னமாக இருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் மற்றவை எல்லாம் தானாக விளங்கும். வெடிப்பு எவ்வளவு பலமானது என்பதை ஈர்ப்பலை கண்டுகொள்வதில்லை. எவ்வளவு கோணலானது என்பதுதான் அதற்குக் கணக்கு.

உருண்டை ஏன் ஊமை

நிறையுள்ள எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை வளைக்கிறது. பொருள் இடம் மாறினால் வளைவும் மாறியாக வேண்டும். அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் வெளியே பரவுவதுதான் ஈர்ப்பலை. அலை கடக்கும் இடத்தில் ஒரு திசையில் நீளம் துளி கூடும், அதற்குச் செங்குத்தான திசையில் துளி குறையும். அடுத்த கணம் இது தலைகீழாகும். கூடிக்குறைந்த நீளத்தை மொத்த நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. அலையின் பலத்தைச் சொல்லும் எண் இதுதான்.

இப்போது ஒரு பெரிய வாயு உருண்டை எல்லாத் திசையிலும் ஒரே சீராக வெடித்துச் சிதறுவதாக வைத்துக்கொள்வோம். வெளியே தொலைவில் இருப்பவருக்கு அதன் ஈர்ப்பில் ஏதாவது மாற்றம் தெரியுமா? தெரியாது. உள்ளே இருக்கும் நிறை அதேதான், மையமும் அசையவில்லை. எனவே அலை கிடையாது. வெடிப்பை ஆயிரம் மடங்கு பலமாக்கினாலும் பூச்சியம் பூச்சியம்தான். பொதுச் சார்பியல் இதில் எந்தச் சலுகையும் தருவதில்லை.

அலை எழ வேண்டுமானால் நிறை பரவியிருக்கும் வடிவம் மாற வேண்டும்: உருண்டை முட்டையாக வேண்டும், முட்டை தட்டையாக வேண்டும், அல்லது ஒரு பக்கம் கட்டி தட்ட வேண்டும். அந்த மாற்றமும் முடுக்கத்தோடு நடக்க வேண்டும். ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு கருந்துளைகள் முழுக்க முழுக்கக் கோணலான அமைப்பு. அதனால்தான் முதலில் அவை பிடிபட்டன. 2015-இல் பதிவான மோதலில் மூன்று சூரியன்களின் நிறை அப்படியே ஈர்ப்பலையாக மாறியது. விண்மீனோ வாழ்நாள் முழுக்கத் தன்னை உருண்டையாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கும் பொருள். அது சாகும்போது எங்கிருந்து கோணல் வருகிறது?

கடைசி ஒரு வினாடி

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள்தாம் இங்கே பேச்சு. (சூரியனைப் போன்ற சிறிய விண்மீன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் அடர்ந்த உருண்டையான வெள்ளைக் குள்ளன் வெடிக்கும் இன்னொரு வகை சூப்பர்நோவா உண்டு. அதில் உள்ளகம் இடிந்து விழுவதில்லை, கதை வேறு.) 25 சூரிய நிறையுள்ள ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜனை எரிக்க அதற்கு ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஹீலியத்துக்கு எட்டு லட்சம். கார்பனுக்கு ஐந்நூறு சொச்சம். நியான் ஓராண்டுக்குள் தீரும், ஆக்சிஜன் சில மாதங்களில். சிலிக்கான் எரிந்து இரும்பாவதற்கு ஒரு நாள்கூட ஆகாது.

இரும்போடு கடை மூடப்படுகிறது. இரும்புக் கருக்களை இணைத்தால் ஆற்றல் வராது, செலவாகும். சேர்ந்துகொண்டே போகும் இரும்பு உள்ளகத்தை எலக்ட்ரான்களின் அழுத்தம் மட்டும் தாங்கி நிற்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியவர் சந்திரசேகர். உள்ளகம் ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை நெருங்கும்போது இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்கின்றன. தாங்கிக்கொண்டிருந்த எலக்ட்ரான்களைப் புரோட்டான்கள் விழுங்கி நியூட்ரான்களாகின்றன. கடும் வெப்பத்தில் இரும்புக் கருக்களே சிதையத் தொடங்கி, இருந்த ஆற்றலையும் உறிஞ்சிவிடுகின்றன. தாங்கும் கை விலகியதும், சில ஆயிரம் கிலோமீட்டர் அகலமான உள்ளகம் அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் சில பத்து கிலோமீட்டருக்குச் சுருங்குகிறது. விழும் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ கால் பங்கு.

மையத்தில் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தியை, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கோடி டன்னை, தாண்டியதும் நியூட்ரான்கள் இதற்கு மேல் நெருங்க மறுக்கின்றன. உள்பகுதி சட்டென விறைத்து, மேலே விழும் பொருளைத் திருப்பி உதைக்கிறது. இதைத் துள்ளல் என்பார்கள். அதிலிருந்து ஓர் அதிர்ச்சி அலை வெளியே கிளம்புகிறது.

பாடநூல்களில் பெரும்பாலும் இந்த இடத்திலேயே விண்மீன் வெடித்துவிடும். உண்மையில் வெடிப்பதில்லை. அதிர்ச்சி அலை தன் வழியில் வரும் இரும்பை உடைத்துக்கொண்டே போக வேண்டும். சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு இரும்பை உடைக்கவே முழு வெடிப்புக்கும் தேவையான அளவு ஆற்றல் கரைந்துவிடும். மையத்திலிருந்து 150 கிலோமீட்டர் அளவில் அலை மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. அதை மறுபடி தள்ளிவிடுவது நியூட்ரினோக்கள், அதாவது பொருளோடு மிக அரிதாகவே மோதும் நுண்துகள்கள். சுருங்கிய உள்ளகமான, புதிதாகப் பிறந்த நியூட்ரான் விண்மீனிலிருந்து வெள்ளமாக வெளியேறும் நியூட்ரினோக்களில் சில சதவீதம் மட்டும் அதிர்ச்சி அலைக்குப் பின்னாலுள்ள பொருளில் சிக்கி அதைச் சூடாக்குகின்றன. இந்தச் சூடேற்றல் நடக்கும் சில நூறு மில்லிவினாடிகளில்தான் நாம் தேடும் கோணல் உருவாகிறது.

கோணல் வரும் வழிகள்

முதல் வழி சுழற்சி. சுழலும் உள்ளகம் சுருங்கும்போது கோண உந்தம் காக்கப்படுவதால் சுழற்சி பல மடங்கு கூடும், நடுவில் பிதுங்கி தட்டையாகும். தட்டையான உருண்டை துள்ளும்போது பத்து மில்லிவினாடிக்குள் அடங்கும் கூர்மையான ஒரு துடிப்பு வெளிவரும். கணினி மாதிரிகளில் மிகத் தெளிவாகக் கணிக்க முடிந்த பகுதி இதுதான். சோகம் என்னவென்றால், பெரும்பாலான விண்மீன்களின் உள்ளகம் அவ்வளவு வேகமாகச் சுழல்வதாகத் தெரியவில்லை. வாழ்நாளின் பிற்பகுதியில் காந்தப்புலங்கள் உள்ளகத்தின் சுழற்சியை வெளி அடுக்குகளுக்குக் கடத்திவிடுகின்றன. சுழற்சி குறைவானால் இந்தத் துடிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும்.

இரண்டாவது வழி கொதிப்பு. கீழிருந்து நியூட்ரினோக்கள் சூடாக்க, சூடான பொருள் குமிழ்களாக மேலெழும். குளிர்ந்த பொருள் தாரைகளாகக் கீழே பாயும். அடுப்பில் தளதளக்கும் பானையைப்போல எந்தக் குமிழ் எங்கே எழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீழே பாயும் தாரைகள் நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பை மாறி மாறி அறைகின்றன. அறை வாங்கிய விண்மீன் மணிபோல் அதிர்கிறது. சமிக்ஞையின் பெரும்பகுதி இந்த அதிர்வுதான். தொடக்கத்தில் சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கும் அதிர்வெண், நியூட்ரான் விண்மீன் குளிர்ந்து சுருங்கச் சுருங்க ஏறி, ஒரு வினாடிக்குள் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டும். நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வரைந்தால், மேல்நோக்கி ஏறும் ஒரு கோடாக இது தெரியும்.

மூன்றாவது வழி, நின்றுபோன அதிர்ச்சி அலை முழுவதுமே ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு மறுபக்கம் சரிந்து ஊசலாடுவது. சாசி என்ற சுருக்கப் பெயரால் ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். இதன் அதிர்வெண் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை. எல்லா விண்மீன்களிலும் இது வருவதில்லை. அதிர்ச்சி அலை நெடுநேரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் வெடிப்புகளில்தான் வலுக்கும்.

இன்னொன்று மிக மெதுவானது. நியூட்ரினோக்கள் எல்லாத் திசையிலும் சமமாக வெளியேறுவதில்லை, வெடித்த பொருளும் அப்படியே. இதனால் திரிபு ஒரு பக்கம் நகர்ந்து, திரும்பிப் பழைய இடத்துக்கு வராமலே நின்றுவிடும். 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடக்கும் இதை, நிலநடுக்க இரைச்சலில் மூழ்கியிருக்கும் தரைக் கருவிகளால் பார்ப்பது மிகக் கடினம்.

எவ்வளவு சிறியது: கையால் ஒரு கணக்கு

தோராயக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கோணலாக நகரும் பொருளின் நிறை 0.1 சூரியன், அதாவது 2×10²⁹ கிலோகிராம். அதன் வேகம் ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, வினாடிக்கு 3×10⁶ மீட்டர். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 3.6×10⁴² கிடைக்கும். இதை ஈர்ப்பு மாறிலியின் இரு மடங்கால் பெருக்கி, ஒளிவேகத்தின் நான்காம் படியால் வகுக்க வேண்டும். அந்த விகிதத்தின் மதிப்பு 1.65×10⁻⁴⁴, மொத்த இடரும் இந்தச் சின்ன எண்ணில்தான். பெருக்கி வருவது சுமார் 0.06 மீட்டர். கடைசியாகத் தொலைவால் வகுக்க வேண்டும். 33,000 ஒளியாண்டு என்பது 3.1×10²⁰ மீட்டர். விடை, ஏறத்தாழ 2×10⁻²².

நான்கு கிலோமீட்டர் நீளமான கை ஒன்றில் இந்தத் திரிபு ஏற்படுத்தும் மாற்றம் 8×10⁻¹⁹ மீட்டர். புரோட்டானின் விட்டத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நம் பால்வழி மண்டலத்துக்குள்ளேயே விண்மீன் வெடித்தால்தான்.

ஆற்றல் பங்கீட்டைப் பார்த்தாலும் இதே நிலைதான். மொத்தம் வெளியேறும் 3×10⁴⁶ ஜூலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களுக்குப் போகிறது. சிதறும் பொருளின் இயக்க ஆற்றல் சுமார் 10⁴⁴ ஜூல், நாம் வியந்து பார்க்கும் ஒளி 10⁴² அளவில்தான். ஈர்ப்பலைக்குக் கிடைப்பது 10³⁹ ஜூலை ஒட்டி.

பிடிப்பதில் உள்ள சிக்கல்

அமெரிக்காவில் ஹேன்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகளின் கைகள் 4 கிலோமீட்டர். இத்தாலியின் விர்கோவுக்கும் ஜப்பானின் காக்ராவுக்கும் 3 கிலோமீட்டர். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு கைகளுக்குள் அனுப்பி, கோடியில் உள்ள ஆடிகளில் பட்டுத் திரும்பும் கதிர்களை மீண்டும் சேர்த்துப் பார்ப்பதே இவற்றின் வேலை. ஒரு கை நீண்டு மறுகை குறைந்தால், சேரும் ஒளியின் அளவு மாறும். லைகோவின் ஆடி ஒவ்வொன்றும் 40 கிலோகிராம்.

இரைச்சல் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். பத்து ஹெர்ட்ஸுக்குக் கீழே நில அதிர்வு. நூறு ஹெர்ட்ஸ் அருகே ஆடிகளின் பூச்சில் உள்ள வெப்ப அசைவு. அதற்கு மேலே போகப் போக, ஒளி துகள் துகளாக வருவதால் ஏற்படும் குவாண்டம் இரைச்சல் கூடும். கருவிகளின் காது கூர்மையாக இருப்பது 100-200 ஹெர்ட்ஸ் சுற்றில். சூப்பர்நோவாவின் சமிக்ஞையோ பெரும்பகுதி அதற்கு மேலே, 500 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை. கருந்துளை மோதல்களுக்கு வாகாக இருக்கும் கருவி இதற்கு அவ்வளவு வாகாக இல்லை. குவாண்டம் இரைச்சலை அமுக்க, 2019 முதல் லைகோவில் பிதுக்கிய ஒளி என்ற உத்தி பயன்படுகிறது. மேல் அதிர்வெண்களில் கிடைத்த முன்னேற்றத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிடப் பெரிய சிக்கல், எதைத் தேடுகிறோம் என்பது முன்கூட்டித் தெரியாதது. இரண்டு கருந்துளைகள் மோதினால் அலையின் வடிவத்தைச் சமன்பாடுகளிலிருந்து துல்லியமாக எழுதிவிடலாம். அந்த வடிவத்தை வார்ப்பு அச்சுபோலத் தரவின்மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால், இரைச்சலில் புதைந்திருப்பதையும் வெளியே எடுக்கலாம். கொதிப்பிலிருந்து வரும் அலைக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. ஒரே விண்மீனைத் தொடக்க நிலையில் துளி மாற்றிக் கணினியில் இருமுறை ஓட்டினால், மேலேறும் கோடு இரண்டிலும் ஒன்றுபோல் வரும். ஆனால் அலையின் ஏற்ற இறக்கங்கள் வரிக்கு வரி பொருந்தா.

எனவே செய்வது இதுதான். தரவை நேரம்-அதிர்வெண் கட்டங்களாகப் பிரித்து, வழக்கத்துக்கு மேல் ஆற்றல் உள்ள கட்டங்களைப் பொறுக்குகிறார்கள். பிறகு அதே நேரத்தில் இன்னொரு கருவியிலும் பொருந்தும் வடிவில் அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லைகோவின் இரு நிலையங்களுக்கும் இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். எனவே உண்மையான அலையானால் வந்துசேரும் நேர வேறுபாடு பத்து மில்லிவினாடிக்குள் இருந்தாக வேண்டும். ஒரு கருவியில் மட்டும் தெரிவது கழித்துக்கட்டப்படும்.

இந்தச் சோதனையைத் தாண்டியும் போலிகள் நுழையும். கருவிக்குள் எழும் நொடிநேரத் துடிப்புகள் ஏராளம். அவற்றில் சில சூப்பர்நோவா துடிப்பைப் போலவே குட்டையாக இருக்கும். 2020 ஜனவரி 14 அன்று அச்சில்லாத தேடலில் ஒரு துடிப்பு அகப்பட்டது. திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கியிருந்த மாதங்கள் அவை. அது வெடித்துவிட்டதோ என்ற பேச்சு பரவியது. திருவாதிரை இருந்த இடத்திலேயே இருந்தது. கருவியின் இரைச்சலாகவே அந்தத் துடிப்பு இருந்திருக்கலாம் என்று பிற்பாடு ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள்.

போலிகளை வடிகட்டச் சிறந்த வழி, எந்த வினாடியில் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வது. இங்கே நியூட்ரினோ உதவுகிறது. ஈர்ப்பலையும் நியூட்ரினோவும் உள்ளகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒளி மட்டும், அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை எட்டும்வரை, விண்மீனின் பருமனைப் பொறுத்து சில மணி நேரமோ ஒரு நாளோ காத்திருக்க வேண்டும். 1987 பிப்ரவரி 23 அன்று, பால்வழிக்கு அருகிலுள்ள சிறு மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், 1.6 லட்சம் ஒளியாண்டுக்கும் சற்றுக் கூடுதலான தொலைவில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்துப் பதிவான நியூட்ரினோக்கள் சுமார் இரண்டு டஜன். ஒளி வந்துசேர இன்னும் ஏறத்தாழ மூன்று மணி நேரமானது. இன்று பால்வழி மண்டலத்தில் அப்படி நடந்தால், ஐம்பதாயிரம் டன் நீர் கொண்ட சூப்பர்-கமியோகாண்டே கருவி ஆயிரக்கணக்கில் பதிவுசெய்யும். துள்ளல் நேரத்தைச் சில மில்லிவினாடி துல்லியத்தில் சொல்லிவிடலாம்.

ஒளி மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே 19 நல்ல எடுத்துக்காட்டு. எம்101 விண்மீன் மண்டலத்தில், சுமார் 2.2 கோடி ஒளியாண்டு தொலைவில், 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவா தென்பட்டது. உள்ளகம் எப்போது இடிந்தது என்று துல்லியமாகத் தெரியாததால் ஐந்து நாள் தரவைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஐந்து நாளில் இரண்டு கருவிகளாவது ஒருசேர இயங்கிய நேரம் சுமார் 14 சதவீதம். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தொலைவுக்குக் கிடைக்கும் என்று பெரிதாக எதிர்பார்த்தவர்களும் இல்லை.

கிடைத்தால் என்ன படிக்கலாம்

மேலேறும் அந்தக் கோட்டின் சாய்வு, பிறந்த நியூட்ரான் விண்மீனின் நிறையும் ஆரமும் வினாடிக்கு வினாடி எப்படி மாறின என்பதைச் சொல்லும். அதிலிருந்து அணுக்கரு அடர்த்தியைத் தாண்டிய பொருள் எவ்வளவு விறைப்பானது என்று கணக்கிடலாம். ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியாத அளவீடு அது. சாசியின் தடம் இருந்தால், அதிர்ச்சி அலை எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டிருந்தது என்பது தெரியும். வலுவான துள்ளல் துடிப்பு இருந்தால் உள்ளகம் வேகமாகச் சுழன்றது என்று பொருள். வெடிப்பை நடத்தியது நியூட்ரினோவா, சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்தா என்ற பழைய வழக்குக்கு அது நேரடிச் சாட்சி. கோடு ஏறிக்கொண்டே போய்ச் சட்டென அறுந்தால், நியூட்ரினோ வெள்ளமும் அதே கணத்தில் நின்றால், உள்ளே கருந்துளை பிறந்துவிட்டது. அப்படிச் சாகும் விண்மீன் வெளியே வெடிப்பே காட்டாமல் மறையலாம்.

தொலைநோக்கி எதுவும் இதைக் காட்டாது. ஒளி மேற்பரப்பிலிருந்து வருவது. நியூட்ரினோவும் நியூட்ரான் விண்மீனின் வெளி விளிம்பிலிருந்துதான் விடுபடுகிறது. தடையில்லாமல் நடுமையத்திலிருந்து வருவது ஈர்ப்பலை ஒன்றுதான்.

எவ்வளவு தூரம் கேட்கும்

இப்போதைய கருவிகளுக்கு, மெதுவாகச் சுழலும் சாதாரண விண்மீன் வெடித்தால் எட்டும் தொலைவு சுமார் 30,000 ஒளியாண்டு. நம் மண்டலத்தின் மையம் 26,000-இல் இருப்பதால், பால்வழியின் நல்ல பகுதி இதில் அடங்கும். திருவாதிரையைப்போல சில நூறு ஒளியாண்டுக்குள் வெடித்தால் திரிபு 10⁻²⁰ அளவை எட்டும், தவறவிடவே முடியாது.

திரிபு தொலைவுக்கு எதிர் விகிதத்தில்தான் குறைகிறது, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இல்லை. எனவே கருவியின் திறனைப் பத்து மடங்காக்கினால் எட்டும் தொலைவும் பத்து மடங்காகும். ஐரோப்பாவில் திட்டமிடப்படும் ஐன்ஸ்டைன் டெலஸ்கோப்பும், அமெரிக்காவில் 40 கிலோமீட்டர் கைகளோடு திட்டமிடப்படும் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரரும் அந்த அளவு முன்னேற்றத்தைக் குறிவைக்கின்றன. கருந்துளை மோதல்களுக்கு இது எண்ணிக்கையில் பெரும் பாய்ச்சல். சூப்பர்நோவாவுக்கு அப்படி இல்லை. 30,000 ஒளியாண்டு மூன்று லட்சமாகும். மெகல்லன் மேகங்கள் உள்ளே வரும். அடுத்த பெரிய மண்டலமான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டில் இருக்கிறது. இடையில் சிறு மண்டலங்கள் சிலவற்றைத் தவிர வெறும் வெளி. பத்து மடங்கு திறன் கூடினாலும் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை கொஞ்சமே உயரும். கூடுவது தெளிவு.

ஒரே ஒரு குறுக்கு வழி இருக்கக்கூடும். மிக வேகமாகச் சுழலும் பெருவிண்மீன் இடிந்து கருந்துளையானால், மிச்சப் பொருள் அதைச் சுற்றித் தட்டாகச் சுழலும். தட்டில் கட்டி தட்டினால், கோணல் வினாடிக் கணக்கில் நீடிக்கும். 2024-இல் வெளியான கணினி மாதிரி ஒன்று, இத்தகைய தட்டின் அலை ஐந்து கோடி ஒளியாண்டு வரை கேட்கக்கூடும் என்று காட்டியது. ஆனால் இப்படிச் சாகும் விண்மீன்கள் மிக அரிது.

ஆகவே பெரும்பாலும் காத்திருப்பது பால்வழிக்குள் நடக்கும் ஒரு வெடிப்புக்கு. அது நூற்றாண்டுக்குச் சுமாராக இரண்டு நடக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நம் மண்டலத்தில் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604-இல்; அதுவும் வெள்ளைக் குள்ளன் வகை. இயங்கும் காலத்தில்கூட ஒரு கருவி சராசரியாக முக்கால் பங்கு நேரமே தரவு எடுக்கிறது. மேம்படுத்தும் பணிக்காக மாதக்கணக்கில் மூடிவைப்பதும் உண்டு. இந்த நிலையில், எல்லாக் கருவிகளையும் ஒரே சமயத்தில் பழுதுபார்ப்புக்கு நிறுத்தாமல், குறைந்தது இரண்டு விழித்திருக்கும்படி முறைபோட்டு ஓட்டுவது, திறனை இன்னும் சில சதவீதம் கூட்டுவதைவிடப் பயனுள்ளது.